பல்லி சொல்லும் பலன்: காரில் ரேடார் டிடெக்டர் வாங்குவதும் மாட்டுவதும்

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை நயாகரா பார்க்க அழைத்துப் போனேன். ஒஹாயோவிலிருந்து ஐந்தாறு மணி நேர ஓட்டம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்த அம்மா, "இது என்னடா, பல்லி மாதிரி கத்திக்கிட்டே வருது?" என்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியைத்தான் சொன்னார்.

"போலீஸ் வேகம் பார்த்துக்கிட்டிருந்தா முன்னாடியே சொல்லும்மா."

"இதுவரைக்கும் இருபது தடவை கத்திடுச்சு. ஒரு போலீஸையும் காணோமே?"

நியாயமான கேள்வி. ரேடார் டிடெக்டர் வாங்குகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே இதைத்தான் கேட்கிறார்கள். பல பேர் பதில் கிடைக்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அல்லது அணைத்துவைத்துவிட்டு, வேகமாகப் போனதற்கான அபராதச் சீட்டை, அதாவது டிக்கெட்டை, வாங்குகிறார்கள். பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கமே இருக்கும். இந்தப் பெட்டிக்கும் அப்படி ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.

டார்ச் லைட் கணக்கு

முதலில் போலீஸ் கையில் இருக்கும் கருவி. ரேடார் துப்பாக்கி ஒரு ரேடியோ அலையை அனுப்புகிறது. அது உங்கள் கார்மேல் பட்டுத் திரும்புகிறது. கார் நகர்ந்துகொண்டிருப்பதால், திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். 24.150 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் துப்பாக்கியில், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்குச் சுமார் 72 ஹெர்ட்ஸ் மாறும். 70 மைலில் போனால் ஏறத்தாழ 5,040 ஹெர்ட்ஸ். துப்பாக்கி இந்த வித்தியாசத்தை எடுத்து 72-ஆல் வகுத்து எண்ணாகக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

டிடெக்டர் இதில் எதையும் அளப்பதில்லை. அது வெறும் ரேடியோ பெட்டி. பாட்டு வருகிற அலைவரிசைக்குப் பதிலாக, போலீஸ் ரேடார் வருகிற அலைவரிசைகளைத் திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டே இருக்கும். ஏதாவது மாட்டினால் கத்தும்.

அப்படியானால் போலீஸ் நம்மைப் பார்ப்பதற்கு முன்னால் அது எப்படிப் போலீஸைப் பார்க்கிறது? அமாவாசை இருட்டில் வரப்பின்மேல் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரை மைல் தள்ளி நிற்கிறீர்கள். அவருடைய வெளிச்சம் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவருக்கு நீங்கள் தெரிய வேண்டுமானால், அந்த வெளிச்சம் உங்கள்மேல் பட்டு, சிதறி, மிச்சமிருப்பது அவர் கண்ணுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அதற்கு நீங்கள் மிகவும் கிட்டே வந்திருக்க வேண்டும்.

கணக்காகச் சொன்னால், தூரம் பத்து மடங்கானால் உங்கள் பெட்டிக்கு வரும் அலை நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. போன வழியே திரும்பவும் வர வேண்டியிருப்பதால், போலீஸ் துப்பாக்கிக்குத் திரும்புவதோ பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. டிடெக்டர் தொழிலே இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. சமவெளியில், நேர் சாலையில், நல்ல பெட்டி ஒன்றிரண்டு மைலுக்கு அப்பாலிருக்கும் ரேடாரைக்கூடக் கேட்டுவிடும். மலைப்பாதையிலும் வளைவிலும் அந்தத் தூரம் சட்டென்று சுருங்கிவிடும். டார்ச் வெளிச்சம் மேட்டைத் தாண்டி வராதல்லவா, அதுபோல.

இந்த உவமையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவது, மாட்டுவது, நம்புவது, நம்பாமலிருப்பது எல்லாவற்றுக்கும் இது உதவும். டார்ச் அடித்தால்தான் பெட்டிக்குத் தெரியும். அடிக்காத டார்ச்சைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

எந்தக் குரல் எதற்கு

அமெரிக்காவில் போலீஸ் ரேடாருக்கு மூன்று அலைவரிசைகள்.

எக்ஸ் பேண்ட், 10.525 கிகாஹெர்ட்ஸ். மிகப் பழையது. இன்று அநேகமாக எங்கும் கிடையாது. ஒஹாயோ, நியூ ஜெர்சி பக்கம் பழைய துப்பாக்கிகள் சில இன்னும் ஓடுவதுண்டு. கே பேண்ட், 24.150 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி. போலீஸும் பயன்படுத்துகிறது, ஊரிலுள்ள மற்ற எல்லாமும் பயன்படுத்துகிறது. சூப்பர் மார்க்கெட்டில் தானாகத் திறக்கும் கதவு, நெரிசலை அளக்க ஹைவே ஓரத்தில் வைத்திருக்கும் சென்சார், பக்கத்து லேனில் கார் இருந்தால் எச்சரிக்கும் பிளைண்டு ஸ்பாட் கருவி எல்லாம் இங்கேதான் பேசுகின்றன. அம்மா எண்ணிய அந்த இருபது தடவையில் பாதிக்குமேல், பக்கத்தில் போன கார்களின் பிளைண்டு ஸ்பாட் சென்சார்கள்தான். புதிய கார்கள் பல 77 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மாறிவருவதால் தொல்லை மெல்லக் குறையும். ஆனால் பழைய கார்கள் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் இருக்கும்.

மூன்றாவது கேஏ பேண்ட், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை. பலன் சொல்லும் பல்லி இதுதான். இந்தப் பகுதியில் கதவும் கிடையாது, காரின் சென்சாரும் கிடையாது. போலீஸ் துப்பாக்கிகள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று எண்களை ஒட்டியே இருக்கும். உங்கள் பெட்டித் திரையில் 34.7 என்று வந்தால் அது போலீஸ் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் வெறுமனே 'கேஏ' என்று மட்டும் காட்டும் பெட்டியைவிட அதிர்வெண்ணை எண்ணாகக் காட்டும் பெட்டி மேல் என்று சொல்வேன். பழகிய பிறகு எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நான்காவதாக லேசர். இது ரேடார் வகையே இல்லை. 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

பெட்டிக்குக் கேட்காதவை

கடைக்காரர் சொல்லாத பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரேடார் அலை விரிந்து பரவும். லேசர் அப்படியில்லை. ஆயிரம் அடி தூரத்தில்கூட அதன் கற்றை மூன்றடி அகலம்தான். போலீஸ்காரர் உங்கள் நம்பர் பிளேட்டைக் குறிபார்த்துச் சுட்டால், பக்கத்து லேன் காருக்குக்கூட அது தெரியாது. அரை நொடிக்குள் வேகம் பதிவாகிவிடும். உங்கள் பெட்டி லேசர் என்று கத்தினால், பெரும்பாலும் அது நடக்கப்போவதைச் சொல்லவில்லை, நடந்து முடிந்ததைச் சொல்கிறது. முன்னால் போகும் வண்டியைச் சுட்டபோது சிதறிய துளி உங்கள் பெட்டியில் பட்டால் பிழைத்தீர்கள். அது அதிர்ஷ்டக் கணக்கு. லேசரைக் குழப்பும் ஜாமர்கள் தனியாக விற்கின்றன. சில மாநிலங்களில் அவற்றுக்குத் தடை. ரேடாரைக் குழப்பும் ஜாமர் நாடு முழுவதும் சட்டவிரோதம். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டுமே வேண்டாத வேலை.

அடுத்தது 'இன்ஸ்டன்ட் ஆன்'. போலீஸ்காரர் துப்பாக்கியை எந்நேரமும் எரியவிடுவதில்லை. அடக்கி வைத்திருந்து, கார் கிட்டே வந்ததும் ஒரு நொடி அழுத்துகிறார். டார்ச்சை அணைத்து வைத்துக்கொண்டு, காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தில் அடிக்கிற மாதிரி. சாலையில் நீங்கள் ஒருவர்தான் என்றால் தப்ப வழியில்லை. உங்களுக்கு முன்னால் அரை மைலில் வேறொரு கார் போய்க்கொண்டிருந்து, அதன்மேல் அவர் அழுத்தினால், உங்கள் பெட்டியில் கேஏ ஒரு நொடி மட்டும் கத்திவிட்டு அடங்கும். புதியவர்கள் இதைத்தான் பொய்ச்சத்தம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். நீண்ட நேரம் கத்துகிற கே பேண்ட் கதவாக இருக்கலாம். ஒரே ஒரு நொடி கத்தி அடங்கும் கேஏ அப்படியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

போலீஸ் கார் உங்கள் பின்னாலேயே அதே வேகத்தில் வந்து தன் ஸ்பீடாமீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம். சாலையில் குறியிட்ட இரண்டு கோடுகளுக்கு இடையே நீங்கள் எடுத்த நேரத்தை வைத்து வகுத்துப் பார்க்கலாம். சில மாநிலங்களில் விமானத்திலிருந்தே இப்படிப் பார்க்கிறார்கள். இவற்றில் அலையே இல்லை. பெட்டி மௌனமாகத்தான் இருக்கும்.

ஆகவே என் கருத்து இது: 65 மைல் சாலையில் தன்னையறியாமல் 76-க்குப் போய்விடுகிறவருக்கு டிடெக்டர் நல்ல துணை. 90-ல் பறக்க ஆசைப்படுகிறவருக்கு அது துணையில்லை. 90 மைலில் கார் நொடிக்கு 132 அடி போகிறது. பெட்டி கத்தி, உங்கள் மூளைக்கு உறைத்து, கால் நகர்வதற்குள் கால்பந்து மைதானத்தில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டிருப்பீர்கள். டிக்கெட் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வேகத்தில் முன்னால் ஒரு டயர் துண்டு கிடந்தால் அதைப் பற்றி எந்தப் பெட்டியும் சொல்லப்போவதில்லை.

கொஞ்சம் பழைய கதை

அமெரிக்கப் போலீஸ் கையில் வேக ரேடார் வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு. 1947-இல் கனெக்டிகட் மாநிலத்தின் கிளாஸ்டன்பரி ஊரில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். அதைக் கேட்கும் பெட்டிகளுக்கு உண்மையான கிராக்கி வந்தது 1974-இல். எண்ணெய் நெருக்கடியால் நாடு முழுக்க வேக வரம்பை 55 மைலாக்கினார்கள். அகன்ற, காலியான சாலையில் 55-ல் ஊர்ந்துபோக யாருக்கும் மனமில்லை. டேட்டன் நகரைச் சேர்ந்த டேல் ஸ்மித் உருவாக்கிய 'ஃபஸ்பஸ்டர்' பெட்டி அப்போது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. 1978-இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் என்ற கம்பெனி 'எஸ்கார்ட்' பெட்டியைக் கொண்டுவந்தது. அது சூப்பர்ஹெட்டரோடைன் முறை. அதாவது, பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன அலையை உண்டாக்கி, வெளியிலிருந்து வரும் அலையோடு கலந்து கேட்பது. கேட்கும் திறன் பல மடங்கு கூடியது. இன்றைய பெட்டிகளுக்கும் இதுதான் அடிப்படை.

அதில் ஒரு வினோதமும் சேர்ந்து வந்தது. உள்ளே உண்டாகும் அந்தச் சின்ன அலை கொஞ்சம் வெளியே கசியும். அதைக் கேட்க ஒரு கருவி செய்தால்? செய்தார்கள். டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர். தடையுள்ள இடங்களில் போலீஸ் அதை வைத்துக்கொண்டு பிடிக்கிறது. ஆகவே "உள்ளே மறைத்து வைத்தால் யாருக்குத் தெரியும்" என்ற யோசனை வேண்டாம்.

எங்கே சட்டம் ஒப்புகிறது

வானில் வரும் ரேடியோ அலையைக் கேட்பது குற்றமில்லை என்பது 1934-ஆம் ஆண்டுத் தகவல்தொடர்புச் சட்டத்தைக் காட்டி வழக்கமாகச் சொல்லும் வாதம். அமெரிக்காவில் சாதாரணக் கார்களுக்கு ஏறக்குறைய எங்கும் டிடெக்டர் வைத்துக்கொள்ளலாம். விலக்கு இரண்டு: வர்ஜீனியா மாநிலமும் தலைநகர் வாஷிங்டன் டிசியும். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும், பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களுக்கு நாடு முழுவதும் தடை உண்டு. ராணுவ வளாகங்களுக்குள்ளும் கூடாது. கலிஃபோர்னியா, மின்னசோட்டா போன்ற சில மாநிலங்களில் டிடெக்டருக்குத் தடையில்லை, ஆனால் முன் கண்ணாடியில் எதையும் ஒட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே டாஷ்போர்டிலோ சன் வைசரிலோ மாட்டுவது நல்லது.

நியூ ஜெர்சியிலிருந்து நார்த் கரோலினாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு ஐ-95 வழியாகப் போகிறவர்கள் வர்ஜீனியாவைத் தாண்டாமல் போக முடியாது. அங்கே மின்சாரம் இல்லாமல், ஓட்டுநருக்கோ பயணிக்கோ எளிதில் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் குற்றமில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. எல்லைக்கு முன் கழற்றி, வயரையும் உருவி, டிக்கியில் போட்டுவிடுங்கள்.

கனடா வேறு கதை. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சவன் தவிர மற்ற மாகாணங்களில் தடை. நம்மவர்கள் அதிகம் போகிற ஒன்டாரியோவில் சட்டம் கறார்: வண்டிக்குள் அது இருப்பதே தவறு. அணைத்திருந்தாலும், டிக்கியில் இருந்தாலும் ஒரே கணக்கு, பறிமுதலும் செய்யலாம். பஃபலோ வழியாகவோ டெட்ராய்ட் வழியாகவோ ஸ்கார்பரோவில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நாங்கள் நயாகராவை அமெரிக்கப் பக்கமிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியதற்கு அம்மாவின் விசா முதல் காரணம். இரண்டாவது காரணம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

எதை வாங்குவது

நாற்பது டாலருக்குப் பெயர் தெரியாத பெட்டிகள் இணையத்தில் விற்கின்றன. பெட்டிமேல் 'பதினாறு பேண்ட், 360 டிகிரி' என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். வேண்டாம். பதினாறு பேண்ட் போலீஸிடமே இல்லை.

சுமார் நூறு டாலரில் கிடைப்பவை கேட்கும், ஆனால் கதவுக்கும் போலீஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் கேட்கும். முந்நூறு டாலரைச் சுற்றி உள்ளவைதான் முதலில் வாங்க ஏற்றவை என்பது என் எண்ணம். அதற்குமேல் ஐந்நூறு, எழுநூறு என்று போகும்போது கிடைக்கும் முக்கிய வசதி திசைகாட்டும் அம்பு. பெட்டியின் முன்னும் பின்னும் இரண்டு ஆன்டெனா வைத்து, அலை முன்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா, பின்னாலிருந்தா என்று காட்டும். 1992-இல் 'வேலன்டைன் ஒன்' என்ற பெட்டி இந்த அம்பால்தான் பெயர் வாங்கியது. இன்று யூனிடன், எஸ்கார்ட், ராடென்ஸோ போன்றவர்களின் விலை கூடிய பெட்டிகளிலும் இருக்கிறது. அம்பு ஆடம்பரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முன்னால் இருந்த அம்பு பின்னால் திரும்பும்போது "தாண்டியாயிற்று" என்று வருகிற நிம்மதிக்கு விலை கொடுக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது. பஞ்சாங்கத்தில் பல்லிக்குத் திசை பார்த்தவர்கள் விவரமானவர்கள்.

ஆனால் அம்பைவிட முதலில் பார்க்க வேண்டியது ஜிபிஎஸ். தினமும் போகிற வழியில் ஒரு மருந்துக்கடைக் கதவு கத்தவைக்கிறது என்றால், அந்த இடத்தையும் அந்த அதிர்வெண்ணையும் பெட்டி மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறையிலிருந்து பேசாமல் இருக்கும். மெதுவாகப் போகும்போது தானாகச் சத்தத்தை அடக்குவதற்கும் ஜிபிஎஸ்தான் வேண்டும். சில பெட்டிகளில் இது உள்ளேயே இருக்கும், சிலவற்றில் ஃபோன் ஆப் வழியாக வரும். அடுத்தது பிளைண்டு ஸ்பாட் சத்தங்களை வடிகட்டும் கே பேண்ட் ஃபில்டர். அதைப் புதுப்பிக்க சாஃப்ட்வேர் அப்டேட் தருகிற கம்பெனியா என்று பாருங்கள். கார்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு வருடம் அப்டேட் ஆகாத பெட்டிக்குக் காது மந்தமாகிவிடும்.

தொலைதூரம் எவ்வளவு கேட்கிறது என்று விளம்பரங்கள் அடித்துக்கொள்ளும். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது பெரிதில்லை. கத்தாமல் இருக்கத் தெரிந்த பெட்டிதான் வேண்டும். மாதம் இருமுறை நெடும்பயணம் போகிறவருக்கு மட்டும் தூரத்துக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எங்கே ஒட்டுவது

பெட்டி முன்னால் சாலையைப் பார்க்க வேண்டும், தரைக்கு இணையாக இருக்க வேண்டும், முடிந்தால் பின் கண்ணாடி வழியாகவும் அதற்கு வெளி தெரிய வேண்டும். இதற்கெல்லாம் தோதான இடம் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில், உயரத்தில். வைப்பருக்குப் பின்னாலோ, மேலே கறுப்புப் புள்ளிகள் உள்ள பட்டைக்குப் பின்னாலோ மாட்டாதீர்கள். லேசர் ஒளிக்கு அவை திரை. ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது, ஏர்பேக் விரியும் வழியிலும் இருக்கக் கூடாது. டாஷ்போர்டின் வலப்பக்கம், பயணிக்கு நேர் முன்னால், வைக்கவே வைக்காதீர்கள். ஏர்பேக் வெடித்தால் அந்தப் பெட்டி பக்கத்தில் இருப்பவர் முகத்தை நோக்கித்தான் பாயும்.

விலை உயர்ந்த சில கார்களின் முன் கண்ணாடியில், வெயிலைத் தடுக்கவோ பனியை உருக்கவோ, கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். ரேடார் அலை அதில் சிக்கிக்கொள்ளும். அந்தக் கார்களில் டோல் கட்டும் ஈஸி பாஸ் டேக் ஒட்டுவதற்காகப் பூச்சில்லாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். கார் கையேட்டில் படம் இருக்கும். டிடெக்டருக்கும் அதுவே இடம்.

பெட்டியோடு வருகிற சக்ஷன் கப் போதும். கண்ணாடியை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு அழுத்துங்கள். கோடை வெயிலில் அது நழுவி விழும்; பயந்துவிடாதீர்கள், கழுவி மறுபடி ஒட்டலாம். விழுகிற சத்தம் பிடிக்காதவர்கள் ரியர்வியூ கண்ணாடியின் தண்டில் இறுக்கிக்கொள்ளும் உலோகத் தாங்கி வாங்குகிறார்கள். கார் நிறுத்தும்போது கழற்றி வைத்துவிடுங்கள். வெயிலும் திருடனும் இரண்டுமே அதற்கு ஆகாது.

வயர் இழுப்பது

முதல் மாதம் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலேயே செருகி ஓட்டுங்கள். சுருள் வயர் தொங்கும், பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் எந்த இடம் சரி, இந்தப் பெட்டி நமக்கு ஒத்துவருமா என்று தெரிவதற்கு முன்னால் காரைக் கழற்றக் கூடாது.

பிடித்துப்போனால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து நேரே வயர் இழுக்கலாம். ஒரு மதிய வேளை ஆகும். வேண்டியவை: ஹார்ட்வயர் கிட் (பெட்டிக்கு நேரே கரண்ட் தரும் வயர்), உங்கள் காருக்குப் பொருந்தும் அளவில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் ஓட்டையிலிருந்து தனியாக ஒரு வயர் பிரித்தெடுக்கும் செருகி), டெஸ்ட் லைட் அல்லது மல்டிமீட்டர், பிளாஸ்டிக் நெம்புகோல், நாலைந்து கேபிள் டை. ஃபியூஸ்களில் மினி, லோ புரொஃபைல் மினி, மைக்ரோ 2 என்று பல அளவுகள். காரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். நான் கண்ணளவில் வாங்கி வந்து இரண்டு முறை அலைந்தேன்.

சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வர வேண்டும், அணைத்தால் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட ஃபியூஸைத் தேடுங்கள். டெஸ்ட் லைட்டின் கிளிப்பை உலோகத்தில் மாட்டி, முனையால் ஃபியூஸின் தலையைத் தொட்டுப் பாருங்கள். சாவி அணைந்திருக்கும்போதும் எரிந்தால் அது எப்போதும் கரண்ட் உள்ள வழி. அதில் போட்டால் நாள்கணக்கில் நிற்கும் கார் ஒரு காலை கிளம்பாது. பின் வைப்பர், சன்ரூஃப், சாக்கெட் போன்றவற்றின் ஃபியூஸாக இருந்தால் நல்லது. ஏர்பேக், பிரேக், எஞ்சின் என்று எழுதியிருப்பவற்றின் பக்கமே போகாதீர்கள்.

ஃபியூஸ் டேப்பில் இரண்டு இடம் இருக்கும்: ஒன்றில் பழைய ஃபியூஸ், மற்றதில் உங்கள் பெட்டிக்கான 2 ஆம்பியர் ஃபியூஸ். டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் அந்த ஓட்டையின் இரண்டு கால்களில் ஒன்றில் மட்டும் கரண்ட் இருக்கும். பெரும்பாலான டேப்களில், வயர் வெளியே வராத பக்கத்துக் கால் அந்தக் கரண்ட் உள்ள காலில் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டாலும் பெட்டி வேலை செய்யும், அதுதான் ஆபத்து. உங்கள் பெட்டியின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய்க்கொண்டிருக்கும், தெரியாது. அடுத்து கறுப்பு வயர், அதாவது எர்த். பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில் இறங்கும் ஒரு போல்ட்டைப் பார்த்து அதில் இறுக்குங்கள்.

பெட்டியிலிருந்து வயரைக் கண்ணாடிக்கும் கூரைத் துணிக்கும் இடையே உள்ள இடுக்கில் விரலாலேயே தள்ளிக்கொண்டு போகலாம், சுலபம். மூலைக்கு வந்ததும் கண்ணாடியோரத் தூண். இங்கே அவசரம் வேண்டாம். அந்த பிளாஸ்டிக் மூடிக்குள் பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைத்திருப்பார்கள். வயர் அதன் முன்னால் குறுக்கே போகவே கூடாது. விரியும்போது வயர் தடுக்கும், அல்லது சாட்டையாக வீசும். மூடியைக் கழற்றி, ஏர்பேக்கின் பின்னால், கார் கம்பெனி ஏற்கெனவே இழுத்திருக்கும் வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிக் கீழே இறக்குங்கள். மூடியைக் கழற்றத் தயக்கமாக இருந்தால், கார் ஸ்டீரியோ மாட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. ரியர்வியூ கண்ணாடி தானாக இருளும் வகையாக இருந்தால், அதற்கு ஏற்கெனவே மேலே மின்சாரம் வந்திருக்கும். அந்தச் செருகியிலிருந்து எடுக்கும் சிறு வயர் விற்கிறது. அரை அடி வயர், பத்து நிமிட வேலை, தூணைத் தொட வேண்டாம். என் அடுத்த காரில் அப்படித்தான் செய்தேன். ஒன்று மட்டும்: பெட்டியில் செருகும் வயர் முனை டெலிஃபோன் வயர் முனை போல, பார்க்க எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருந்தாலும், ஒரு கம்பெனி வயரை இன்னொரு கம்பெனிப் பெட்டியில் செருகாதீர்கள். உள்ளே ப்ளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கலாம்.

முதல் இரண்டு வாரம்

செட்டிங்கில் எக்ஸ் பேண்டை அணைத்துவிடுங்கள். ஒஹாயோ, நியூ ஜெர்சிக்காரர்கள் மட்டும் ஒரு தடவை யோசிக்கலாம். கண்சிமிட்டும் நேரமே வரும் ரேடார் அலையைக் கேட்க 'பாப்' என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். பயனைவிடப் பொய்ச்சத்தம் அதிகம். கே பேண்டை ஃபில்டரோடு வையுங்கள். கேஏவும் லேசரும் எப்போதும் திறந்திருக்கட்டும். 30 மைலுக்குக் கீழே சத்தம் அடங்கும்படி வைத்தால் ஊருக்குள் வீட்டார் திட்டு மிச்சம்.

பிறகு தினமும் போகிற பாதையில் இரண்டு வாரம் ஓட்டுங்கள். மருந்துக்கடை, வங்கி, பெட்ரோல் பங்க் என்று பெட்டி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வாயை மூடும். நீங்களும் அதன் குரலைக் கற்றுக்கொள்வீர்கள். தூரத்துக் கேஏ 'டிக்... டிக்' என்று மெல்ல ஆரம்பித்து, நெருங்க நெருங்க வேகமெடுக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள். பின்னால் வருகிறவரையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வேகம் தானாக வரம்புக்கு இறங்கும். ஃபோனில் வேஸ் என்ற வழிகாட்டி ஆப்பும் ஓடிக்கொண்டிருந்தால், அடிக்காத டார்ச் எங்கே மறைந்திருக்கிறது என்று முன்னால் போனவர்கள் சொல்லியிருப்பார்கள். பெட்டிக்குக் கேட்காததில் ஒரு பங்கை அது ஈடுகட்டும்.

லேசர் சத்தம் வேறு மாதிரி: எடுத்த எடுப்பிலேயே உச்சக் குரலில் அலறும். அது வந்தால் ஸ்பீடாமீட்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எண் பெரிதாக இருந்தால், லைசென்ஸும் இன்ஷூரன்ஸ் காகிதமும் எந்த அறையில் வைத்தோம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கலாம்.